ஒரு வரி கூடினால் எட்டுச் சோதனை கூடும்!

காலை வேளையில் அல்சூர் மெட்ரோ நிலையத்துக்குப் போனால், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒயிட்பீல்டு வண்டிக்குக் காத்து நிற்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கலாம். என்ன வேலை என்று கேட்டால் பலர் "டெஸ்டிங்" என்பார்கள். எழுதி முடித்த மென்பொருளைச் சோதிக்க இத்தனை பேர் எதற்கு என்பது பெற்றோர் பலரின் சந்தேகம். அதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருளுக்கு 'இன்ஸ்டாலர்' என்று பெயர். விரும்பினால் அதில் 'பைல் சிஸ்டம்' எது வேண்டும் என்று தேர்ந்து கொள்ளலாம். ஆபீஸ் பாஷையில் இதைப் பதிவறையின் ரிஜிஸ்தர் எனலாம். எந்தக் கோப்பு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்று குறிக்கும் முறை. ரிஜிஸ்தர் கெட்டால், கோப்பு அறைக்குள்ளேயே இருந்தாலும் கைக்குக் கிடைக்காது. கடைக்காரரின் வரவு செலவும், வீட்டுக் கல்யாணப் படங்களும் அதோடு போயின!

இதில் பல ரகம் உண்டு. எக்ஸ்ட்4 நெடுநாள் பழகியது. எக்ஸ்.எப்.எஸ். பெரிய கோப்புகளுக்குப் பேர் போனது. ஆனால் ஒதுக்கிய இடத்தைப் பின்னர் சுருக்க முடியாது. பி.டி.ஆர்.எப்.எஸ். முந்தைய நிலையை அப்படியே பிடித்து வைத்து, வேண்டும்போது திருப்பித் தரும்.

பெருக்கல் கணக்கு

மூன்று ரகம் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றையும் ரகசியப் பூட்டு போட்டும் போடாமலும் சோதிக்க வேண்டும். ஆறு. பழைய பயாஸ் இயந்திரம், புதிய யு.இ.எப்.ஐ. இயந்திரம் இரண்டிலும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு. காலி டிஸ்க்கிலும், விண்டோஸ் உள்ள டிஸ்க்கிலும் ஏற்ற வேண்டும். 24. நான்காவது ரகம் ஒன்றைச் சேர்த்தால் 32. திரையில் கூடியது ஒரே வரி, சோதனையோ எட்டு!

ஏற்றினால் மட்டும் போதாது. அணைத்து எழுப்ப வேண்டும். எழுதும்போதே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற்றிப் பார்க்க வேண்டும். 'ஓப்பன்கியூஏ' போன்ற தானியங்கிகள் இதில் பெரும்பகுதியைச் செய்கின்றன என்பது உண்மையே. ஆனால் ஒன்று தவறினால், ஏன் என்று பார்க்க மனிதர்தான் உட்கார வேண்டும். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது அந்த மனிதருக்கு லீவு ஏது?

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையும் பெங்களூரில் சேர்ந்திருந்த காலத்தை மூத்தவர்கள் சொல்வார்கள். வண்டி, உதிரிச் சாமான் எல்லாமே இரட்டை. 1992-ல் யூனிகேஜ் திட்டம் வந்ததற்கு அந்தச் சுமையும் ஒரு காரணம்.

பெடோரா லினக்ஸ் 2020 அக்டோபரில் தன் 33-வது பதிப்பில், மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு பி.டி.ஆர்.எப்.எஸ்.ஸை முதல் தேர்வாக்கியது. சர்வர் பதிப்பில் எக்ஸ்.எப்.எஸ். அப்படியே நின்றது. ஆக இரண்டையும் சோதித்தாக வேண்டும். பெரிய பிழை அகப்பட்டால் வெளியீட்டையே தள்ளிவைப்பது அங்கு வழக்கம்.

2019 அக்டோபரில் வந்த உபுண்டு 19.10, இசட்.எப்.எஸ். முறையைச் 'சோதனை நிலை' என்று முத்திரை குத்திக் கொடுத்தது. நேர்மையான முத்திரைதான். ஆனால் அவசரத்தில் பட்டனை அழுத்துகிறவர் அதையெல்லாம் படிப்பாரா?

கொடுத்ததைத் திரும்பப் பெறுவது இன்னும் சிரமம். ரெட்ஹாட் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பில் பி.டி.ஆர்.எப்.எஸ்.ஸை நீக்கியது. அதில் தரவு வைத்திருந்தவர்கள் அந்தப் பதிப்புக்கு வர வேண்டுமானால், முதலில் எல்லாவற்றையும் வேறு முறையிலுள்ள டிஸ்க்குக்கு நகலெடுத்தாக வேண்டும்.