புன்னை மரத்தை அறிந்து காத்தல்

கோட்டுச்சேரி போன்ற கடலோரக் கிராமங்களின் மணற்பாங்கான நிலத்தில் உப்புக்காற்றைத் தாங்கி வளரவல்லது புன்னை. இதனை இன்னதென்று அறியாது விறகுக்கு வெட்டுதல் பெருநஷ்டமாகும். மெதுவாக வளரும் இம்மரத்தை மீண்டும் ஆளாக்க ஒரு தலைமுறை செல்லும்.

அடையாளம் எளிது. இலைகள் எதிரெதிராய் அமைந்து, தடித்துப் பளபளக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடுநரம்பின் இருபுறமும் நுண்ணிய நரம்புகள் நெருங்கி இணையாய் ஓடுதல் புலப்படும். காம்பை ஒடித்தால் பால் கசியும். மணமுள்ள வெண்பூக்களின் நடுவே மஞ்சள் கேசரங்கள் திரண்டிருக்கும். உருண்டையான காயினுள் கெட்டியான ஓட்டுக்குள் ஒரே பருப்பு உண்டு.

பருப்பின் எண்ணெய் விளக்கெரிக்க உதவும், உணவுக்கு ஆகாது. மரம் படகு கட்டப் பயன்படும்.

பருப்பு நசுங்காதவாறு ஓட்டை நீக்கி விதைத்தால் விரைவில் முளைக்கும். மிராசுதார்கள் வேலியோரங்களில் நட்டும், கிராம அதிகாரிகள் புறம்போக்கிலுள்ளவற்றைக் கணக்கெடுத்தும் இம்மரத்தைக் காப்பார்களாக.