விலை கொடுத்தும் வசமாகாத நூல்கள்

2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுவே, கிண்டில் என்னும் மின்னூல் கருவியை வைத்திருந்த அமெரிக்க வாசகர் பலர், தாங்கள் விலை கொடுத்து வாங்கிப் படித்துக்கொண்டிருந்த இரண்டு நூல்கள், தங்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமலே கருவியிலிருந்து அகற்றப்பட்டிருக்கக் கண்டார்கள். அகற்றப்பட்டவை ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ என்பவை. ஆட்சிக்கு ஒவ்வாத ஏடுகளைத் தீக்கிரையாக்கி, நடந்தவற்றை நடவாதவையாகச் செய்துவிடும் ஓர் அரசைக் கற்பனையில் கண்டு உலகை எச்சரித்த ஆசிரியரின் நூல்களுக்கே இக்கதி நேர்ந்தபடியால், செய்தி தேசங்கள்தோறும் பரவிற்று.

நூல்களை விற்ற அமேசான் நிறுவனத்தார் சொன்ன காரணம் பொய்யன்று. ஆர்வெல் 1950இல் காலமானவர். அவருடைய நூல்களின் பதிப்புரிமை ஆஸ்திரேலியாவில் அப்போதே தீர்ந்துபோயிருந்தது. அமெரிக்காவிலோ அது இன்னும் பல ஆண்டுகள் நீடிப்பது. அமெரிக்காவில் விற்க உரிமையில்லாத ஒரு பிரசுர நிறுவனம் அந்த மின்பதிப்புகளைக் கடையில் ஏற்றிவிட்டது. உண்மையான உரிமையாளர் முறையிட்டதும், அமேசான் வாசகர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய கருவிகளிலிருந்த பிரதிகளைத் தொலைவிலிருந்தே அழித்தது. மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள், எந்தப் பகுதியைக் குறித்தவை என்றே விளங்காதபடி ஆதாரமற்று நின்றன. அவன் நீதிமன்றத்தை நாடினான். நூல்கள் அழிக்கப்பட்ட சில தினங்களுக்குள்ளேயே நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டிருந்தார். வழக்கும் சமரசமாக முடிந்தது. வாசகரின் சம்மதம், நீதிமன்ற ஆணை, செலுத்த வேண்டிய பணம் வந்து சேராமை, தீங்கு செய்யும் நிரலிலிருந்து பாதுகாப்பு ஆகிய காரணங்கள் இருந்தாலன்றி, அமெரிக்க வாசகர்களின் கருவிகளிலிருந்து நூல்களை அழிப்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மன்னிப்பு உண்மையானதே; ஆயினும் அது கேள்வியின் விளிம்பைத்தான் தொட்டது. ஒரு கடைக்காரர் உரிமையற்ற அச்சுப் பிரதியை அறியாமல் விற்றுவிட்டால், வழக்கு கடைக்காரர் மேல் வரும்; இரவோடு இரவாக வாசகர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியைத் திறந்து, மேசைமேல் பணத்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்ல எவருக்கும் அதிகாரம் கிடையாது. மின்னூலில் அந்த அதிகாரம் விற்றவரிடம் இருந்தது. ஒரு முறை தவறாகப் பிரயோகித்துவிட்டதற்காக அவர் வருந்தினார் என்பதைக் காட்டிலும், அப்படியோர் அதிகாரம் அவரிடம் ஏன் இருக்க வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த அதிகாரம் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சாமானிய வாசகரும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மின்னூல் என்பது எழுத்துகள் அடங்கிய ஒரு கோப்பு. அதை நேரே படிக்க முடியாதபடி கணித முறையால் குலைத்து வைக்கிறார்கள். குலைந்ததை மீண்டும் எழுத்தாக்கும் மின்திறவுகோல், வாங்கியவரின் கணக்கோடும் அவர் பதிவுசெய்த கருவியோடும் பிணைக்கப்படுகிறது. டி.ஆர்.எம். என்று சுருக்கமாக வழங்கும் மின்பூட்டு இதுதான். கருவி இணையத்தோடு சேரும்போதெல்லாம் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொள்கிறது. எது இருக்கலாம், எது போக வேண்டும் என்னும் ஆணைகள் அங்கிருந்து வருகின்றன. கோப்பு நம் கையில் இருப்பினும், அதைத் திறக்கும் வழி பிறர் கையில் இருக்கிறது.

நம் நாட்டுப் பழைய கிரய சாசனங்களைப் படித்தவர்கள், ‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்’ என்னும் வாசகத்தை அறிவார்கள். தானமாகக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டுப் போகலாம். இத்தனையும் சேர்ந்ததே சொத்துரிமை. நிலத்துக்கு எழுதிய அந்த இலக்கணம், எழுதாமலே அச்சுப் புத்தகத்துக்கும் பொருந்தி வந்தது. மின்னூலை வாங்கியவருக்கோ இந்நான்கில் ஒன்றேனும் தடையின்றிக் கிடைப்பதில்லை.

அச்சு நூலுக்கு இந்தச் சுதந்திரம் தற்செயலாக வாய்த்ததன்று. நீதிமன்றங்களில் போராடி நிலைநாட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாப்ஸ்-மெரில் என்னும் அமெரிக்கப் பிரசுரகர்த்தர்கள் ஒரு நாவலை வெளியிட்டு, அதனுள்ளேயே, ஒரு டாலருக்குக் குறைந்து எவரும் விற்கலாகாது, விற்றால் பதிப்புரிமையை மீறியவராவார் என்று அறிவிப்பும் அச்சிட்டார்கள். நியூயார்க்கில் மேஸி என்னும் பெருங்கடையை நடத்திய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. ஒரு பிரதியைத் தக்க விலைக்கு விற்றுவிட்ட பிறகு, அந்தப் பிரதி பின்னர் எவ்விலைக்கு விற்கப்பட வேண்டும் என்று விதிக்கும் அதிகாரத்தைப் பதிப்புரிமை அளிக்கவில்லை என்று 1908இல் தீர்ப்பாயிற்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள நூற்பிரதிகளை ஆசிரியரின் வெளியீட்டு உரிமைக்குப் புறம்பாகவே வைக்கிறது. பழைய புத்தகக் கடைகளின் நியாயம் இந்தக் கொள்கையின்மேல் நிற்கிறது.

அன்று நூலுக்குள் அச்சிட்ட அறிவிப்பால் சாதிக்க முடியாததை, இன்று உரிம ஒப்பந்தத்தாலும் மின்பூட்டாலும் சாதித்துவிட்டார்கள். ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்தும்போது நாம் ஒப்புக்கொள்ளும், எவரும் முழுதும் படிக்காத அந்த நீண்ட நிபந்தனைப் பத்திரம், நாம் நூலை விலைக்கு வாங்கவில்லை, படிப்பதற்கு அனுமதி மட்டுமே பெற்றோம் என்று சொல்கிறது. பூட்டுக்குக் காவலாகச் சட்டமும் நிற்கிறது. அமெரிக்கா 1998இல் இயற்றிய டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், பூட்டைத் தாண்டுவதையே ஒரு தனிக் குற்றமாக்கிற்று. அடோபி நிறுவனத்தின் மின்னூற் பூட்டைத் திறக்கும் நிரலை மாஸ்கோவில் எழுதிய டிமிட்ரி ஸ்க்ளியாரோவ் என்னும் ரஷ்ய நிரலாளர், 2001 ஜூலையில் லாஸ் வேகாஸில் ஒரு மாநாட்டில் பேசிவிட்டுத் திரும்பும் சமயத்தில் கைது செய்யப்பட்டார். பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் பணியாற்றிய நிறுவனத்தையும் 2002இல் ஜூரிகள் குற்றமற்றதென்றார்கள். ஆயினும் அச்சம் நிலைத்துவிட்டது. சட்டம் இன்றளவும் மாறவில்லை.

ஆர்வெல் நூல்கள் அழிக்கப்பட்டுப் பத்தாண்டுகளுக்குப் பின் நேர்ந்த மற்றொரு சம்பவம் அதைக் காட்டிலும் பாடம் நிறைந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை 2019 ஏப்ரலில் மூடிற்று. அங்கே வாங்கப்பட்ட நூல்கள் எல்லாம் அவ்வாண்டு ஜூலை முதல் திறக்கவொண்ணாமற் போயின. பணம் திரும்ப வந்தது. ஓரங்களில் குறிப்பெழுதியவர்களுக்கு மேலும் 25 டாலர் வரவு வைத்தார்கள். இங்கே திருட்டுப் பதிப்பு இல்லை, உரிமைத் தகராறு இல்லை, வாசகரின் குற்றம் ஏதும் இல்லை. வியாபாரம் லாபகரமாக இல்லை என்று ஒரு நிறுவனம் தீர்மானித்தது. அத்தீர்மானத்தோடு வாசகர்களின் நூலகமும் மறைந்தது. அச்சு நூலை விற்ற கடை திவாலானாலும் நம் வீட்டு அலமாரி காலியாவதில்லை.

இதில் மிகுந்த நஷ்டம் அடைபவை பொது நூலகங்கள். ஒரு நூலை ஒருமுறை வாங்கித் தாள் நைந்து போகும் வரையில் ஊராருக்கு இரவல் கொடுத்து வந்த நூலகம், மின்னூலை அவ்வாறு வாங்க இயலாது. ஹார்ப்பர் காலின்ஸ் நிறுவனம் 2011இல் தன் மின்னூல்களுக்கு இருபத்தாறு இரவல்கள் என்று வரம்பிட்டது. இருபத்தேழாம் வாசகருக்கு நூலைக் கொடுக்க வேண்டுமானால் நூலகம் மறுபடியும் விலை கொடுக்க வேண்டும். பார்வையற்றவர்களும் இந்தப் பூட்டால் வருந்தினார்கள். 2009இல் வெளிவந்த இரண்டாம் கிண்டில், நூலைக் குரலில் வாசித்துக் காட்டும் ஆற்றலோடு வந்தது. எழுத்தாளர் சங்கம் ஒன்று ஆட்சேபித்ததும், அந்த ஆற்றலை நூல்தோறும் அடக்கிவிடும் உரிமையை அமேசான் பிரசுரகர்த்தர்களுக்குக் கொடுத்தது. பார்வையற்றோருக்கு நூல்கள் எட்ட வேண்டும் என்பதற்காக 2013இல் மராகேஷ் நகரில் செய்த சர்வதேச உடன்படிக்கையை உலகில் முதன்முதலாக உறுதிசெய்த தேசம் நம் பாரதம் என்பதை இவ்விடத்தில் பெருமையோடு நினைவுகூரலாம்.

பூட்டு வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். பல்லாண்டு உழைத்து எழுதிய நூல் வெளிவந்த சில தினங்களில் இலவசக் கோப்பாக வாட்ஸ்அப்பில் சுற்றக் காணும் எழுத்தாளரின் மனவேதனையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. உழைத்தவனுக்குக் கூலி கொடாமை அதர்மமே. ஆனால் பூட்டு அந்த அதர்மத்தைத் தடுக்கிறதா? திருட நினைப்பவர் பூட்டை உடைத்துவிடுகிறார், அல்லது அச்சுப் பக்கங்களைப் படமெடுத்துக்கொள்கிறார். அவர் கைக்குப் போகும் பிரதியில் பூட்டே இல்லை. விலை கொடுத்த நேர்மையாளரிடம் இருப்பதுதான் பூட்டிய பிரதி. இதற்குச் சங்கீத வியாபாரமே சாட்சி. ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் கடை 2009இல் பாடல்களின் பூட்டை நீக்கிற்று. அமேசானே 2007இல் பாடல்களைப் பூட்டின்றி விற்கத் தொடங்கி, அதே ஆண்டில் நூல்களைப் பூட்டோடு விற்க முற்பட்டது. பூட்டு நீங்கியதால் பாடல் விற்பனை நின்றுவிடவில்லை. டார் என்னும் பிரசுரகர்த்தர்கள் 2012இல் தங்கள் அறிவியற் புனைவு மின்னூல்கள் யாவற்றையும் பூட்டின்றி வெளியிடத் துணிந்து, இன்றும் அவ்வழியே நடக்கிறார்கள்.

சட்டங்களும் மெல்லத்தான் அசைகின்றன. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், காலவரம்பின்றி உரிமம் பெற்ற மென்பொருளை வாங்கியவர் பிறருக்கு விற்கலாம் என்று தீர்த்தது. 2019இல் அதே நீதிமன்றம் மின்னூலுக்கு அந்தச் சலுகையை மறுத்தது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டமொன்று, உண்மையில் உரிமம் மட்டுமே கொடுப்பவர்கள், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்யலாகாது என்று விதிக்கிறது. உண்மையைச் சொல்ல வைப்பது நன்மையே. ஆனால் உரிமையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவதால் உரிமை வந்துவிடாது. அச்சட்டம் அமலான மறுமாதத்திலேயே, வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வைத்துக் கேபிள் வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திற்று.

இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் பலவற்றைக் காட்டிலும் விவேகமுடையது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையைப் பறிக்கும் நோக்கத்தோடு பூட்டைத் தாண்டுவதையே தண்டிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் தாண்டுவதை அது தடுக்கவில்லை. தக்க காரணமின்றி ஒருதலையாக முறித்துக்கொள்ள நிறுவனத்துக்கு இடந்தரும் ஒப்பந்தங்களை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தங்களின் வரிசையில் வைத்து, மாநில ஆணையத்தில் முறையிட வழி செய்திருக்கிறது. இவ்வளவு கையில் இருந்தும், இவற்றைப் பிரயோகிக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் பிறக்கவில்லை.

கோர வேண்டியவை அதிகமில்லை. நீதிமன்ற ஆணையின்றி எந்தப் பிரதியும் அழிக்கப்படலாகாது. கடையை மூடுகிறவர் பூட்டு நீக்கிய பிரதியைக் கொடுத்துவிட்டே மூட வேண்டும். வாங்கியவர் தம் நூல்களை வாரிசுக்கு விட்டுச் செல்லவும், நூலகம் வாங்கியதை இரவல் கொடுக்கவும் சட்டம் இடந்தர வேண்டும். இவற்றுக்காகச் சட்டமன்றங்களை எதிர்நோக்கியிருக்கும் காலத்திலும், தமிழ் எழுத்தாளர்களும் பிரசுரகர்த்தர்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ் நூல்களைத் திறந்த கோப்புகளாக உலகெங்கும் வழங்கும் மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் கைங்கரியத்தால் 1998 பொங்கலன்று தொடங்கி இன்றும் நடைபெறுகிறது. எந்தக் கடை மூடினாலும் அந்தப் பிரதிகள் அழியா. விலைக்கு விற்கும் நூலும் அவ்வாறே திறந்து நிற்கலாம். கிண்டிலில் தம் நூலைத் தாமே ஏற்றும் ஆசிரியரிடம், பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று நிறுவனம் கேட்கிறது. வேண்டாம் என்று விடையளிக்கும் ஆசிரியர், விலை கொடுத்த வாசகரைத் திருடராகப் பாவியாமல் உரிமையாளராக மதிக்கிறார். அந்த விடையைச் சொல்லும் ஆசிரியர்கள் பெருகினால், நாளை வரப்போகும் சட்டத்துக்கு அவர்களுடைய வழக்கமே ஆதாரமாகும்.