மண நினைவும் முதிர் மூளையின் புதிய நரம்பணுக்களும்

முதிர் மூளை நரம்பணுவாக்கம் என்பது முழு வளர்ச்சியடைந்த விலங்கின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றும் நிகழ்வு ஆகும். சுண்டெலி, எலி ஆகியவற்றில் இவ்வாறு தோன்றும் நரம்பணுக்களுள் பெரும்பாலானவை, மூக்கிலிருந்து வரும் மணத் தகவலை முதலில் பெறும் நுகர்ச்சிக் குமிழைச் சென்றடைகின்றன. அங்கு அவை ஒத்த மணங்களைப் பிரித்தறியவும் கற்ற மணத்தை நினைவிற் கொள்ளவும் துணைபுரிகின்றன.

வரலாறு

வளர்ந்த மூளையில் நரம்பணுக்கள் புதிதாகத் தோன்றா என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். 1960களில் ஜோசப் ஆல்ட்மன் கதிரியக்கத் தைமிடினை எலிகளுக்குச் செலுத்தி, புதிதாகப் பிறந்த உயிரணுக்களை அடையாளங்கண்டார். எனினும் அவரது முடிவுகள் 1990கள் வரை பரவலாக ஏற்கப்படவில்லை.

தோற்றமும் இடப்பெயர்வும்

மூளையின் பக்க அறைகளின் சுவரையொட்டியுள்ள குருத்தணுக்கள் பிரிந்து இளம் நரம்பணுக்களை உருவாக்குகின்றன. இவை சங்கிலிபோலத் தொடர்ந்து முன்னோக்கி நகர்ந்து நுகர்ச்சிக் குமிழை அடைகின்றன. அங்கு பெரும்பாலானவை சிறுமணி உயிரணுக்களாக முதிர்கின்றன. வந்தடைந்தவற்றுள் ஏறத்தாழப் பாதி சில வாரங்களில் இறந்துவிடுகின்றன.

மண நினைவில் பங்கு

எலுமிச்சை, நாரத்தை போன்ற ஒத்த மணங்கள் நுகர்ச்சிக் குமிழில் பெரிதும் ஒன்றுபட்ட தூண்டல்களை எழுப்புகின்றன. சிறுமணி உயிரணுக்கள், மணத் தகவலை மூளையின் பிற பகுதிகளுக்கு அனுப்பும் மைட்ரல் உயிரணுக்களை அடக்குகின்றன. இதனால் அத்தூண்டல்களிடையேயுள்ள வேறுபாடு தெளிவாகிறது. புதிய உயிரணுக்கள் எளிதில் புதிய இணைப்புகளை ஏற்படுத்தவல்லவை. ஆகவே கற்றலுக்கு ஏற்றவையாக உள்ளன.

பல்வகை மணங்கள் நிறைந்த சூழலில் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாகப் பிழைத்தன. மண நினைவும் நீடித்தது என 2002இல் அறியப்பட்டது. பயன்படும் உயிரணு நிலைக்கிறது என்பதை இது காட்டுகிறது. 2012இல் பாசுச்சர் நிறுவன ஆய்வாளர்கள் புதிய நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது, சுண்டெலிகள் கடினமான மண வேறுபாடுகளை விரைவில் கற்றன.

மாறாக, புதிய நரம்பணுக்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகளும் மணங்களைப் பிரித்தறிந்தன என 2008இல் வெளியான ஆய்வொன்று கூறியது. எனவே இவை எல்லா மண நினைவுக்கும் இன்றியமையாதவை எனக் கொள்ளவியலாது. கற்க வேண்டிய பணியின் கடினத்தைப் பொறுத்து இவற்றின் தேவை மாறுபடக்கூடும்.

மனிதரில்

மனிதக் குழந்தைகளில் இளம் நரம்பணுக்களின் இடப்பெயர்வு காணப்படினும், ஏறத்தாழ 18 மாத வயதிற்குப் பின் அது பெரிதும் குறைந்துவிடுகிறது என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. 2012இல் கரிமம்-14 காலக்கணிப்பு முறை, மனித நுகர்ச்சிக் குமிழின் நரம்பணுக்கள் அம்மனிதரின் வயதையே ஒத்தவை எனக் காட்டியது. ஆகையால் சுண்டெலிகளில் கண்ட முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் தகாது.