காய்ச்சலுக்கு ஏன் இத்தனை பயம்?

வியட்நாமில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் பாட்டி ஒரு நாணயத்தைத் தேடுவார். முதுகில் தைலம் தடவி, முதுகெலும்பின் இரு பக்கமும் நாணய விளிம்பால் மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்ப்பார். சற்று நேரத்தில் தோல் கன்றி, பிரம்பால் விளாசியதுபோல வரிவரியாகத் தடம் விழும். உள்ளே புகுந்த கெட்ட காற்று வெளியேறுகிறதாம். தடம் எவ்வளவு கருஞ்சிவப்போ, அவ்வளவு காற்று! இந்தோனேசியாவிலும் நாணயம்தான், சீனாவில் எருமைக் கொம்பில் செய்த தகடு.

1975-ல் போர் முடிந்து வியட்நாமிய அகதிகள் அமெரிக்கா போனபோது இந்த வைத்தியமும் கூடவே போனது. பிள்ளைகளின் முதுகைப் பார்த்த டாக்டர்கள் பதறினார்கள். பெற்றோர் அடித்துக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று சந்தேகம். இது கைவைத்தியம்தான் என்று மருத்துவ இதழ்கள் விளக்கி எழுத வேண்டியதாயிற்று.

அப்படிப் பதறிய அமெரிக்காவின் லட்சணம் என்ன? 1980-ல் பார்டன் ஷ்மிட் என்ற குழந்தை மருத்துவர் அங்குள்ள பெற்றோரை விசாரித்தார். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத காய்ச்சலே மூளையைக் கெடுத்துவிடும் என்று பாதிப் பேருக்கு மேல் நம்பினார்கள். 'காய்ச்சல் பீதி' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார் மனிதர்.

இந்தப் பீதியை வீட்டுக்குள் கூட்டிவந்தது தெர்மாமீட்டர்தான் என்பது என் கட்சி. 1860-களில் கிளிஃபர்ட் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகச் சுருக்கும்வரை அது ஓரடி நீளக் கருவி, ஆஸ்பத்திரிச் சாமான். அதற்கு முன்பு புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பிள்ளை விளையாடுகிறதா, துவண்டு கிடக்கிறதா என்று முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது முகத்தை யார் பார்க்கிறார்கள்? நம்பரைத்தான் பார்க்கிறோம்.

காய்ச்சல் உடம்பின் தற்காப்பு. 1975-ல் மேத்யூ க்ளூகர் பாலைவன ஓணான்களுக்குக் கிருமியை ஏற்றிப் பார்த்தார். சூடான கூண்டில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. குளிர்ந்த கூண்டில் இருந்தவை பெரும்பாலும் செத்தன. ஜெர்மானியத் தாய்மார்களுக்கு இந்த விஷயத்தில் நிதானம் அதிகம். கெண்டைக்காலில் வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றிவிடுவார்கள், அதுவும் கால் சூடாக இருந்தால் மட்டும். நாம் அதையே நெற்றியில் போடுகிறோம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குச் சுட்டாலோ, டெங்கு சீசனில் பிள்ளை துவண்டாலோ டாக்டரிடம் ஓடத்தான் வேண்டும். அதில் மறுபேச்சில்லை.

என் கவலையெல்லாம் நம் ஊர்க் காலை நேரத்தைப் பற்றித்தான். முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் கஞ்சி, மிளகு ரசம், மூன்று நாள் படுக்கை. இப்போது ராத்திரி நூற்றொன்று அடித்த பிள்ளைக்குக் காலையில் சிரப்பை ஊற்றி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பாராசிட்டமால் எடைக்குத் தக்கபடி, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம் என்று கொடுக்க வேண்டியது. கடையில் வயதைத்தான் கேட்கிறார்கள். ஐந்து மில்லியில் 120, 250 என்று இரண்டு வீரியத்தில் சிரப் விற்கிறது. போன தடவை எது, இந்தத் தடவை எது என்று பார்க்காமல் அதே மூடியளவு! அம்மாவுக்கு லீவு கிடையாது, பையனுக்கோ அட்டெண்டன்ஸ் பிரச்சினை, புரிகிறது. ஆனால் மருந்தின் வேகம் நான்கைந்து மணி நேரம்தான். ஏழரைக்குக் கொடுத்தது பன்னிரண்டுக்குள் இறங்கி, "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று டீச்சர் போன் செய்வதற்குள், பக்கத்து பெஞ்சுப் பையனுக்கும் மூக்கு ஒழுக ஆரம்பிக்க வழி செய்தாயிற்று.