வராதவரை விசாரிக்கும் கூடம்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் உடற்பயிற்சிக் கூடங்களின் வாசலில் காலணி வைக்க இடம் இருப்பதில்லை. உள்ளே டிரெட்மில்லுக்காகப் பலர் காத்து நிற்கின்றனர். ஹோலிப் பண்டிகை நெருங்கும்பொழுது அதே கூடத்தில் விசிறியின் ஓசை கேட்கும் அளவுக்கு அமைதி நிலவுகிறது. சந்தா கட்டியவர்கள் பட்டியலில் இருக்கின்றனர், கூடத்தில் இல்லை.

புணே நகரில் பணியாற்றிய நாட்களில் எங்கள் குழுவில் நால்வர் இவ்வாறு ஆண்டுச் சந்தா கட்டி ஒரு பெரிய கூடத்தில் சேர்ந்தோம். சேர்ந்த அன்று தேநீர் வந்தது. பெயர் பொறித்த தண்ணீர்க் குப்பி வந்தது. மேலாளர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஏப்ரலில் எங்களுள் ஒருவருக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது. மூன்று மாதம் ஓய்வெடுக்குமாறு மருத்துவர் கூறினார். அவர் வராததை அக்கூடத்தில் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறந்த நாளன்று மட்டும் கணினி அனுப்பிய வாழ்த்துச் செய்தி ஒன்று வந்தது. பதினோராம் மாதம் தொலைபேசி ஒலித்தது. "சார், இந்த வாரத்திற்குள் புதுப்பித்தால் சலுகை உண்டு" என்றது குரல். அவர் முழங்காலைப் பற்றிக் கூறினார். எதிர்முனையில் சிறிது அமைதி. பின்னர்ச் சலுகையின் கடைசித் தேதி மீண்டும் ஒருமுறை சொல்லப்பட்டது.

அவர் புதுப்பிக்கவில்லை. நாங்களும் புதுப்பிக்கவில்லை.

இதில் அக்கூடத்திற்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். வராதவர் இயந்திரத்தைத் தேய்ப்பதில்லை, பணம் மட்டும் தருகிறார். இலாபம்தானே என்ற எண்ணம் இத்தொழிலில் உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்னும் பொருளியல் அறிஞர்கள் இருவர் அமெரிக்காவில் மூன்று கூடங்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்திற்கு 4.3 முறையே வந்தனர். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவாயிற்று. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர் போதும். கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை நிறுத்திய நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்திருந்தன. அந்த இரண்டு மாதங்கள்தாம் எங்கள் கவனத்தை ஈர்த்தன. அக்காலத்தில் உறுப்பினர் இன்னும் கூடத்தை விட்டுப் போய்விடவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் திரும்பி வரக்கூடியவராகவே இருக்கிறார்.

இதை நாங்கள் உணர்ந்தது பின்னர்ச் சேர்ந்த ஒரு சிறிய கூடத்தில். நடத்துபவர் பளுதூக்கும் வீராங்கனையாக இருந்தவர். வரவேற்பு மேசையில் நீள நோட்டு ஒன்று இருக்கும். வருகைக் குறியுடன் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரிகள் அதில் எழுதப்பட்டிருக்கும். இன்னாருக்கு இரத்த அழுத்தம். தலைகீழ்ப் பயிற்சி கூடாது. இன்னார் இரவுப் பணி முடிந்து வருபவர். முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கவும். புணேயில் மூத்தவரைக் 'காகா' என்று அழைப்பது இயல்பு. ஆனால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கு அச்சொல் பிடிக்கவில்லை. பெயருடன் 'ராவ்' சேர்த்து அழைப்பதையே விரும்பினார். அதுவும் நோட்டில் இருந்தது!

முழங்கால் நண்பரை முதல் நாள் அவர் எடை தூக்கச் சொல்லவில்லை. நடக்கச் சொன்னார், நாற்காலியில் அமர்ந்து எழச் சொன்னார், இயன்முறை மருத்துவர் தடுத்தவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் வேறொரு பயிற்றுநர் பணியில் இருந்தார். நண்பர் தம் கதையை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வலக்கால்தானே?" என்று கேட்டுவிட்டு அந்த இளைஞர் வேலையைத் தொடங்கினார். இதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும். பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். நம் கிளைகளை நினைவூட்டியது.

பத்து நாள் வராதவரைப் பயிற்றுநரே அழைப்பார். சந்தாப் பிரிவினர் அழைப்பதில்லை. "ஏன் வரவில்லை?" என்று கேட்பதும் இல்லை; அக்கேள்வி பள்ளிக்கூடத்தை நினைவூட்டும். "நலம்தானா? உங்களுக்கு எழுதிய பயிற்சியில் ஏதும் கடினமாக இருந்ததா?" என்பதே கேள்வி. பெரும்பாலும் விடை எளியது. தேர்வெழுதும் பிள்ளை, மாமியாரின் அறுவை சிகிச்சை, அல்லது வெட்கம். ஒரு மாதம் விட்டுவிட்டால் திரும்பி வருவதற்கு நம் மக்களுக்கு வெட்கம் அதிகம். அதைப் போக்குவதற்குத்தான் அந்த அழைப்பு.

உறுப்பினரின் படத்தைக் கேளாமல் சமூக வலைத்தளத்தில் இடுவதும், எடையைப் பலர் முன் உரக்கப் படிப்பதும் அங்கு இல்லை. குறிப்பாகப் பெண்கள் இதனாலேயே அக்கூடத்தை நாடியதாகக் கூறினர்.

ஆளறிந்து பயிற்றுவிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. மஞ்சளும் மோரும் நெய்யும் கலந்த அகாடா மண்ணில், உஸ்தாத் ஒவ்வொரு மல்லனின் உடலையும் தனித்தனியே அறிந்திருந்தார். பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்திய கே.வி. ஐயர் தொலைவில் இருந்த மாணாக்கர்களுக்கு அஞ்சல்வழியே பயிற்சி அளித்தார். கன்னடத்தில் 'சாந்தலா' நாவலை எழுதியவரும் அவரே. கடிதம் எழுத அலுத்திருக்கமாட்டார்.

இனி, எங்களுக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். ஒரு கூடத்தில் ஜனவரியில் 60 பேர் ஆளுக்கு 12,000 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டுவதாகக் கொள்வோம். கணக்கில் 7,20,000 ரூபாய் சேர்கிறது. ஆயினும் ஜனவரி மாத வருமானம் 60,000 ரூபாயே. மீதி 6,60,000 ரூபாய் இன்னும் அளிக்கப்படாத சேவைக்கான பொறுப்பு. இதை வருமானமாக எண்ணிப் புதிய இயந்திரம் வாங்கியவர்கள் ஆகஸ்டில் வாடகைக்குத் தடுமாறுவதைப் பார்க்கிறோம். அப்பொழுது முதலில் பயிற்றுநர் சம்பளம் தாமதமாகிறது, பயிற்றுநர் போகிறார், அவரை நம்பி வந்த உறுப்பினரும் போகிறார். அத்தொகையைத் தனி வைப்புக் கணக்கில் வைத்து மாதந்தோறும் எடுத்துக்கொள்வது நல்லது. இப்படிச் சொல்வதில் வங்கிக்குச் சுயநலம் உண்டு என்பதை மறைக்கவில்லை. இயந்திரம் தேவையெனில் அதற்கென முத்ரா கடன் இருக்கிறது. தகுதிக்கேற்ப 10 லட்சம் வரையும், தருண் கடனைச் செவ்வனே திருப்பிச் செலுத்தியோருக்கு 20 லட்சம் வரையும்.

2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சிக் கூடங்களுக்கான சரக்கு சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. 12,000 ரூபாய்ச் சந்தாவில் வரி மட்டும் 2,160 ரூபாயிலிருந்து 600 ரூபாயாகிறது. இயந்திரங்களுக்குக் கட்டிய வரியைக் கழிக்க இயலாததால் கூடத்தின் செலவு கூடலாம். அதற்காகச் சந்தாவை உயர்த்துவோர் காரணத்தை உறுப்பினரிடம் வெளிப்படையாகக் கூறிவிடுவது நலம்.

மாதச் சந்தாவைத் தானியங்கிப் பற்று முறையில் பெறும் கூடங்களும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். யுபிஐ ஆட்டோபே அனுமதியை வாடிக்கையாளர் தம் செயலியிலேயே நீக்கவும் முடியும். சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது படிகளும் வைக்கும் இணையத் தந்திரத்தைச் 'சந்தாப் பொறி' என்றே பெயரிட்டு 2023இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ளன. இத்தகைய முறைகேட்டில் சிக்கியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

அச்சிறிய கூடத்தில் விலகுவதற்கு ஒரு தாளில் கையொப்பம் போதும். நோய், பேறுகாலம், வெளியூர்ப் பணி ஆகியவற்றுக்கு மூன்று மாதம் வரை சந்தாவை நிறுத்தி வைக்கலாம். அந்த நாட்கள் பின்னர்ச் சேர்த்துத் தரப்படும். முழங்கால் நண்பருக்கு ஏழாம் மாதம் ஐதராபாத்துக்கு மாறுதல் வந்தது. விடைபெறச் சென்றவரை உரிமையாளர் அமரச் சொன்னார். நோட்டைத் திறந்து, அவர் எந்த எடையில் தொடங்கி எங்கு வந்திருக்கிறார், வலக்காலுக்கு எவை இன்னும் கூடா என்பவற்றை ஒரு தாளில் எழுதினார். "அங்கே சேரும் கூடத்தில் இதைக் காட்டுங்கள்" என்று கொடுத்தார். எஞ்சிய ஐந்து மாதத்திற்கான 5,000 ரூபாய் மறுநாள் மாலைக்குள் நண்பரின் கணக்கில் வரவாகியிருந்தது. அவர் அதைக் கேட்டிருக்கவே இல்லை.