மிக்ஸிக்குள் இருக்கும் தச்சுப் பட்டறை

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய இரவில் எங்கள் கொல்லை வேம்பு சாய்ந்தது. மறுவாரம் இருவர் செயின் சாவோடு வந்து அரை நாளில் துண்டு போட்டார்கள். (அந்தச் சங்கிலி ரம்பத்தின் மூதாதை மரத்துக்காகப் பிறந்ததல்ல. 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் எலும்பு அறுக்கச் செய்த கைக்கருவி அது.) அடிமரத்தை மில்லில் கொடுத்துப் பலகையாக்கி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி நிழலில் காயப் போட்டேன். காய்ந்ததும் ஒரு பெஞ்சு செய்துவிடலாம் என்று ஆசை வந்தது. ஆசை வந்தால் முதலில் கடைக்குத்தானே போவோம்.

துணைக்கு எங்கள் தெரு ஆசாரி வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஹார்டுவேர் கடைக்காரர் ஐந்து டிரில் பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, ஒவ்வொன்றின் வாட் கணக்கை ஏலம் விடுவதுபோலச் சொன்னார். ஆசாரி எதையும் படிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காதருகே வைத்துச் சுவிட்சை அழுத்தினார்.

"எல்லாம் மிக்ஸி மாதிரிதான் கத்துது தம்பி. உள்ள ஒண்ணுதான்."

கேலியாகச் சொன்னாரோ என்னவோ, அவர் சொன்னது அப்படியே உண்மை. நம் சமையலறையில் இரண்டு வகை மோட்டார்கள் குடியிருக்கின்றன. மாவு கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அது கம்பியில் வரும் மின்சாரத்தின் தாளத்துக்குக் கட்டுப்பட்டது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. அதனால் அந்த மோட்டார் எவ்வளவு முயன்றாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. சத்தமும் குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் எடையைப் பாருங்கள், கிரைண்டரை நகர்த்தவே ஆள் வேண்டும்.

மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். இதில் வெளியே அசையாமல் நிற்கும் காயிலுக்குள் ஓடும் அதே மின்சாரம், இரண்டு கார்பன் கட்டிகள் வழியாக நடுவில் சுழலும் ஆர்மேச்சருக்கும் போகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை திசை மாறும். மாறும்போதெல்லாம் இரண்டு காந்தங்களும் சேர்ந்தே தலைகீழாகின்றன. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டால் ஒருவரை ஒருவர் தள்ளும் திசை மாறாது அல்லவா? ஆகவே தாளக் கட்டுப்பாடு கிடையாது. இருபதாயிரம் சுற்றுக்கு மேலும் ஓடலாம். திறன் என்பது முறுக்கையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. வேகத்தைக் கூட்டிவிட்டால் சின்ன மோட்டாரிலேயே பெரிய திறனை எடுத்துவிடலாம். கையில் தூக்கிப் பிடிக்கும்படி ஒரு மின்கருவி அமைய இதுவே வழி செய்தது. அந்தக் கத்தல் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

1895-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் செய்த முதல் கை டிரில் ஏழரை கிலோ எடை. அவ்வளவையும் தூக்கிப் பிடித்தால் இரும்பில் 4 மில்லிமீட்டர் துளை விழும். டிரில்லுக்குத் துப்பாக்கிப் பிடியும் விரலால் இழுக்கும் சுவிட்சும் வைத்து 1917-இல் காப்புரிமை வாங்கியது அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த பிளாக் அண்ட் டெக்கர். கைத்துப்பாக்கியைப் பார்த்தே அந்த யோசனை வந்தது என்பார்கள். கடையில் நம் முன் வைத்த ஐந்தும் அந்தப் பிடியின் பேரப்பிள்ளைகள்.

வாட் விஷயத்துக்கு வருவோம். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது கருவி சாப்பிடும் மின்சாரம். அது செய்யும் வேலை வேறு கணக்கு. சாப்பிட்டதில் கணிசமான பங்கு சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். அந்தச் சூட்டைத் தணிக்க மோட்டார் தண்டிலேயே ஒரு சின்ன விசிறி இருக்கிறது. டிரில்லை அமுக்கிப் பிடித்து மெதுவாக ஓட்டினால் மின்சாரம் அதிகம் பாயும், விசிறியோ சோம்பிச் சுற்றும். வைண்டிங் கடைக்கு வரும் டிரில்களில் பல இப்படிக் கருகியவையே. கனமான வேலை முடிந்ததும் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டால் மிஷின் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் வாங்கும்போது வாட்டைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சுழற்சி நுனிக்கு வந்து சேரும்போது என்னவாக மாறுகிறது? டிரில், ரம்பம், சுத்தி, புல்வெட்டி எல்லாவற்றிலும் பிறப்பு ஒன்றே. வழியில் போடும் வேஷம்தான் வேறு.

டிரில்லில் அந்த வேஷம் எளியது. கியர் வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் முறுக்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அலமாரிக் கதவுக்கு ஹிஞ்சு பதிக்க 35 மில்லிமீட்டர் குழி தோண்டும்போது சுவிட்சை முழுக்க இழுத்தால் பிட்டின் விளிம்பு மரத்தை வெட்டாமல் தேய்க்கும். புகை வரும், குழி கறுக்கும். 3 மில்லிமீட்டர் பிட்டுக்கு அதே வேகம் சரி. துளை பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும். ஆகவே விரல் இழுப்புக்கு ஏற்ப வேகம் மாறும் டிரில்தான் மரவேலைக்கு உகந்தது. நூறு வாட் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது பெயர்க் குழப்பம். 'இம்பாக்ட் டிரில்' ஒன்று, 'இம்பாக்ட் டிரைவர்' ஒன்று. உறவுக்காரர்கள்போல ஒலிக்கும், வேலையில் சம்பந்தமே இல்லை. இம்பாக்ட் டிரில்லின் உள்ளே பல்லுள்ள இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று தடதடத்து, பிட்டை முன்னும் பின்னும் மயிரிழையளவு தட்டுகின்றன. ஒரு சுற்றுக்கு 16 தட்டு என்றால் 2,600 சுற்றுக்கு நிமிடத்தில் 41,600 தட்டு. பக்கத்துப் பெட்டியில் இருக்கும் ரோட்டரி ஹாமரில் 4,000, 5,000 என்று போட்டிருக்கும். எது பலசாலி? எண் பெரிதாக இருக்கும் பெட்டிதான் இளைத்தது. ரோட்டரி ஹாமரில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்க, அந்தக் காற்று வில்லைப்போல விரிந்து ஒரு இரும்புக் குண்டைப் பிட்டின் முதுகில் எறிகிறது. அடி குறைவானாலும் ஒவ்வொன்றும் அடிதான். கான்கிரீட் கூரையில் துளை போட வேண்டுமானால் அதை வாங்கலாம், அல்லது ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம். மரத்துக்கு இரண்டுமே வேண்டாம். இம்பாக்ட் டிரில்லில் சுத்திக் குறியை அணைத்துவிட்டால் அது சாதாரண டிரில்தான்.

இம்பாக்ட் டிரைவர் தட்டுவது நேராக அல்ல, சுற்றுவாக்கில். இறுகிய போல்ட்டுக்கு ஸ்பானரை மாட்டி, அதன் வாலில் சுத்தியால் அடிப்போமே, அந்த அடியை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் கருவி. நீள ஸ்குரூவை வேம்புக்குள் இறக்கும்போது சாதாரண டிரில் நம் மணிக்கட்டைத் திருகும். இதில் அந்த முறுக்கு கைக்கு வருவதற்குள் அடி முடிந்திருக்கும்.

ஜிக்சாவின் கதை எனக்குப் பிடித்தது. 1946-இல் சுவிட்சர்லாந்தில் சின்டில்லா நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் காஃப்மன், மனைவியின் தையல் மிஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்ப பிளேடை மாட்டினாராம். சுழற்சியை ஏறி இறங்கும் குத்தாக மாற்றும் வித்தை தையல் மிஷினுக்கு முன்பே தெரிந்ததுதான். அதைத் துணியிலிருந்து பலகைக்கு மாற்றியது மட்டுமே அவர் செய்தது. (அந்த அம்மையார் பிறகு எதில் தைத்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.) பெரும்பாலான ஜிக்சா பிளேடுகளில் பல் மேல்நோக்கி இருக்கும், ஏறும்போதுதான் வெட்டும். அதனால் மேல்முகம்தான் சிதறும். மைக்கா ஒட்டிய பிளைவுட்டை அழகான பக்கம் மேலே தெரிய வைத்து அறுத்தால் ஓரமெல்லாம் பொரிந்துபோகும். கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் கோடு கிழித்து அறுக்க வேண்டும். நான் முதல் பலகையைப் பாழாக்கியபின்தான் கற்றுக்கொண்டேன்.

நேர் அறுப்புக்கு வரும்போது ஆசாரியும் நானும் முறைத்துக்கொண்டோம். அவர் பையிலிருந்து எடுத்தது மார்பிள் கட்டர், அதில் மரத்துக்கான பல் பிளேடு. நம் ஊரில் பாதித் தச்சுவேலை இதில்தான் நடக்கிறது. விலை மலிவு, எடை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் கருவி கல்லுக்காகப் பிறந்தது. கல் அறுக்கும் வட்டுக்குப் பல் கிடையாது, தேய்த்துத்தான் அறுக்கும். அதனால் வேகம் அதிகம், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கும் மேல். 110 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே பல்லை மாட்டினால் என்ன ஆகும்?

பாதி காய்ந்த பலகையில், அறுக்க அறுக்க உள்ளே இருக்கும் இறுக்கம் விடுபட்டு, பின்னால் வெட்டு மெல்ல மூடும். வட்டின் பின்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருப்பவை. மூடும் பலகை அவற்றைக் கவ்வினால், பற்கள் பலகையில் ஏறி நடக்கும். கருவி அப்படியே எழும்பி நம்மை நோக்கித் துள்ளும். எதிர்பாராததைக் கண்டு கை அசைய ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி வேண்டும். அதற்குள் வட்டு நாற்பது சுற்று சுற்றியிருக்கும். மரத்துக்கென்றே செய்த சர்க்குலர் சா 5,000 சுற்று அளவில் நிதானமாக ஓடும். பலகையிலிருந்து தூக்கியதும் ஒரு மூடி தானே சரிந்து பல்லை மறைக்கும். சிலவற்றில் வெட்டு மூடாதிருக்க வட்டுக்குப் பின்னால் மெல்லிய இரும்புத் தகடும் உண்டு. மார்பிள் கட்டரில் அந்தத் தானியங்கி மூடி இல்லை.

இதையெல்லாம் ஆசாரியிடம் சொன்னேன். தோளில் கிடந்த துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நாப்பது வருஷம் ஆச்சு தம்பி" என்று இடது கையைக் காட்டினார். சுட்டுவிரலில் நகம் இல்லை. வாதத்தை அவர் எனக்காக எடுத்துக் கொடுத்தாரா, தனக்காகவா என்று புரியவில்லை. நான் சர்க்குலர் சாதான் வாங்கினேன்.

கொல்லைக்குப் புல்வெட்டி. நைலான் நரம்பு சுழலும் வகையை 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் கண்டுபிடித்தார். கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைப் பார்த்தபோது தோன்றியது. சும்மா இருந்தால் தொங்கும் நரம்பு எப்படிப் புல்லை வெட்டும்? 2.4 மில்லிமீட்டர் தடிமன், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள நரம்பின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அதன் அடியில் விழும் இழுவிசையைக் கணக்குப் போட்டேன்: சுமார் நான்கு கிலோ எடை தொங்குவதற்குச் சமம். ஒரு கிராம் நரம்பைச் சுழற்சி கம்பியாக்கிவிடுகிறது. நுனி மணிக்கு 450 கிலோமீட்டரில் பறக்கிறது. புல் சாயக்கூட நேரம் கிடைப்பதில்லை. கல்லில் பட்டால் நரம்பு மடங்கி விலகும், ஆனால் சிறு கல் தோட்டா மாதிரி எகிறும். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

பெட்ரோலா, பேட்டரியா? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்டுக்கு வந்தாலே பெரிது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, 90 வாட்-மணி. ஏக்கர்க் கணக்கில் காடு வெட்டுபவருக்குப் பெட்ரோல். எங்கள் கொல்லை ஐந்து சென்ட். பேட்டரி போதும், அக்கம்பக்கத்தார் தூக்கமும் கெடாது. பேட்டரிக் கருவிகளில் இப்போது கார்பன் இல்லாத, பி.எல்.டி.சி. விசிறிக்குள் இருப்பது போன்ற மோட்டார் வருகிறது. தேய்வும் குறைவு, சூடும் குறைவு. கடையில் 18 வோல்ட்டையும் '20 வோல்ட் மேக்ஸ்'ஸையும் பக்கத்தில் வைத்து விலை பேசுவார்கள். இரண்டிலும் இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் செல்கள். வேலை செய்யும்போது தலா 3.6 என்று பெருக்கினால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய கணத்தில் தலா 4-க்குச் சற்று மேல் என்று பெருக்கினால் 20-க்குச் சற்று மேல். ஒருவர் பந்தியின் நடுவில் எடை பார்க்கிறார், இன்னொருவர் சாப்பிட்டு எழுந்ததும் பார்க்கிறார்.

பெஞ்சு முடிந்தது. ஒரு கால் கொஞ்சம் ஆடும். ஆசாரி உளியால் இரண்டு சீவல் எடுத்துக் கொடுத்தார், இப்போது அவ்வளவாக ஆடுவதில்லை.

போன மாதம் டிரில்லின் காற்றுத் துளைக்குள் நீலப்பொறி அதிகமாகத் தெரிந்தது, ஓடி ஓடி நின்றது. பக்கவாட்டு மூடியைத் திருகிப் பார்த்தேன். கார்பன் கட்டி சுண்டுவிரல் நகமளவுக்குத் தேய்ந்திருந்தது. அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைப் பையன் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "மிக்ஸிக்கா சார், டிரில்லுக்கா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் ஒரே இழுப்பறையைத்தான் திறந்தான்.