ரேடார் குழாயில் தெரிந்த தொலைக்காட்சி

போர் மூண்டதும் நிறுத்திய தொலைக்காட்சி ஒளிபரப்பை பிபிசி 1946 ஜூன் 7 அன்று லண்டனில் மறுபடி தொடங்கியது. பெட்டி வாங்கும் வசதி சிலருக்குத்தான் இருந்தது. சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். லெஸ்டர் சதுக்கத்தின் பின்னால் லைல் தெரு என்று ஒரு சின்னத் தெரு. விமானப்படை கழித்துவிட்ட கருவிகள் அங்கே கடை வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. அவர்கள் தேடிப் போனவை இரண்டு: ‘ஆர்.1355’ என்ற வாங்கிப் பெட்டி, ‘வி.சி.ஆர்.97’ என்ற ஆறங்குலப் படக்குழாய்.

குண்டுவீச்சு விமானங்களுக்கு இருட்டில் வழி காட்டிய ‘ஜீ’ என்ற ஏற்பாட்டின் உறுப்பு அந்த வாங்கி. இங்கிலாந்தில் வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பும் வானொலித் துடிப்புகள் எத்தனை மைக்ரோ விநாடி முன்பின்னாக வந்து சேர்கின்றன என்று அளந்து, விமானத்தின் நேவிகேட்டர் தான் இருக்கும் இடத்தைக் கணிப்பார். அப்படிப்பட்ட கருவியில் எப்படிப் படம் தெரியும்?

நேரத்தை எவ்வளவு பொடியாக நறுக்குகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் படத்துக்கு 405 வரிகள், விநாடிக்கு 25 படங்கள். கணக்குப் போட்டால் ஒரு வரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 99 மைக்ரோ விநாடி. அதே நேரத்தில் ஒரு ரேடார் துடிப்பு 15 கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் விமானத்தில் பட்டுத் திரும்பிவிடும்! எதிரி விமானத்தின் தூரத்தை அளப்பதும் ஒரு முகத்தின் குறுக்கே ஒரு கோடு வரைவதும் ஒரே அளவு நேரத்தில் நடக்கும் வேலைகள். பேச்சும் பாட்டும் கேட்க வானொலிக்குச் சில கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். மைக்ரோ விநாடிக்குள் மாறும் சமிக்ஞையைச் சிதைக்காமல் பெருக்க வேண்டுமானால் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அகலம் வேண்டும். ரேடாருக்கும் ஜீக்கும் அந்த அகலம் தேவைப்பட்டது. தொலைக்காட்சிக்கும் அதுவே தேவை.

இது தற்செயலான பொருத்தமும் அல்ல. கேம்பிரிட்ஜின் பை நிறுவனம் போருக்கு முன்பே தொலைக்காட்சிப் பெட்டிக்காக 45 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு பெருக்கியை வடிவமைத்திருந்தது. அதன் உயிர், பிலிப்ஸின் ‘இ.எஃப்.50’ வால்வு. விமானத்துக்குள் வைக்கும் ரேடாரை உருவாக்கிக்கொண்டிருந்த எட்வர்ட் போவனின் குழுவுக்கு 1939இல் அந்தப் பெருக்கி கையில் கிடைத்தது; தேடியது அதுதான் என்று உடனே புரிந்துவிட்டது. வீட்டுக் கூடத்துக்காகப் பிறந்த சுற்று இரவுச் சண்டை விமானத்தில் ஏறிய கதை இது. போர் முடிந்ததும் அதே பெருக்கி ‘பை பட்டை’ என்ற பெயரில் உபரிச் சாமானாகக் கடைக்கு வந்தது. மக்கள் வாங்கித் தொலைக்காட்சியே செய்தார்கள். மின்னணுவியல் வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த பயணம் வேறில்லை.

குழாய் மட்டும் சற்று முரண்டு பிடித்தது. அதற்குள் எலக்ட்ரான் கதிரை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைப்பவை மின்னூட்டம் பெற்ற தகடுகள். திரை முழுவதும் படம் பரவும்படி கதிரை வளைத்தால், சில குழாய்களில் அது தகட்டின் விளிம்பில் இடித்து ஓரங்கள் இருண்டுபோயின. ரேடார் கோட்டுக்கு அது குறையே அல்ல. அதனால்தான் ‘முழுப் படம் தெரியும்’ என்று சோதித்துக் கொடுத்த குழாய்க்குத் தனி மதிப்பு. இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும் இடம் வேறு. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். இத்தனையும் தாண்டி வந்த படமோ பச்சை. பாடகியின் முகமும் பச்சை, குதிரைப் பந்தயமும் பச்சை. திரை சிறியது என்பதால் முன்னால் உருப்பெருக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு.

ஆர்.1355இல் அலைவரிசைக்கு ஏற்ப மாற்றிச் செருகும் சிறு பெட்டிகள் இருந்தன. எதிரி ஓர் அலைவரிசையைக் குழப்பினால் இன்னொன்றுக்குத் தாவுவதற்கான வசதி. அவற்றில் ‘ஆர்.எஃப்.25’ என்பது 40 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். லண்டனின் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து படம் வந்ததோ 45இல். 1949 டிசம்பரில் பர்மிங்ஹாம் அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டு நிலையம் 61.75 மெகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பத் தொடங்கியதும், அந்தப் பக்கத்து ஆட்கள் கடையில் கேட்டு வாங்க வேண்டியது 50 முதல் 65 வரை பிடிக்கும் ஆர்.எஃப்.26.